அச்சு முறுக்கும் ஒரு விடுப்பு விண்ணப்பமும்



பங்கு இல்லத்து அலுவலக அறைக்கு வந்து சேரும் விண்ணப்பங்கள் பலதிறப்பட்டவை. திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோர், திருமண ஓலை எழுத வருவோர், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வருவோர், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோர் என இவர்களையெல்லாம் நாம் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டு வருகிறோம். ஆயினும் 2022ஆம் ஆண்டு, திருவருகைக்காலத்தின் முதல் வாரத்தில் நம்மிடம் வந்த விண்ணப்பம் போன்ற ஒன்றை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஓர் அம்மையார் தம் கணவருக்கு ஒரு மாத விடுப்புக் கேட்டு வந்தார். பணியிடத்திலிருந்து அன்று, கோவிலிலிருந்து!

கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, அறுபது வயது நிறைந்து, அவ்வாண்டு மே மாத இறுதியில் ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலுக்குத் தெற்கே உள்ள நம் பங்கிலேயே வீடு. (ஊர்ப் பெயரையும் அவர்கள் பெயரையும் எழுதாமைக்கு வாசகர் பொறுத்தருள்க. அவர்கள் இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாம் வரிசையில் அமர்ந்து நம் மறையுரையைக் கேட்பவர்கள்.) மகன் குவைத்தில் இருக்கிறார், மகள் மணமாகிச் சென்னையில் வாழ்கிறார். பேருந்து ஓட்டுநருக்கு விழா நாள் என்பது ஓய்வு நாள் அன்று என்பதை நாம் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரெல்லாம் வீடு திரும்பும் நாளே அவருக்கு வேலை மிகுந்த நாள். டிசம்பர் 23, 24 ஆகிய நாட்களில் தொலைவிடங்களிலிருந்து வந்து இறங்குகிற கூட்டத்தை உட்கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்; 25 மாலையே திரும்பிச் செல்வோரைக் கொண்டு விட வேண்டும். விழா விடுப்பு அவருக்கும் முறை வைத்து வந்ததுண்டு. ஆனால் கைக்குழந்தை உடைய இளம் ஓட்டுநர் எவரேனும் கேட்டால் தம் முறையை விட்டுக் கொடுத்து விடுவாராம். இதைக் கேட்ட அன்று நாமும் அவரைப் பாராட்டினோம். அவர் விட்டுக் கொடுத்ததற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற ஒருவர்மீது பங்குக் குருவின் கண் படாமல் இராது. சேமிப்பு வங்கிக்காரர் வந்து கதவைத் தட்டுமுன் நாம் போய்த் தட்டிவிடுவோம். இவரோ நேரம் தவறாதவர். குடிப்பழக்கம் அறவே இல்லாதவர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர். ஜூலையில் நிதிக் குழுவில் சேர்த்தோம். செப்டம்பரில் விழாக் குழுவில் சேர்த்தோம். அக்டோபரில் குடில் குழுவுக்குத் தலைவர் ஆக்கினோம். நவம்பர் மாதம் மாலைச் செபமாலை முடிந்தது முதல் இரவு 9 மணி வரை அவர் கோவில் வளாகத்திலேயே இருந்தார். 'ஆண்டவர் நமக்கு அனுப்பிய மனிதர்' என்று உதவிக் குருவானவரிடம் சொல்லி மகிழ்ந்தோம்.

அம்மையார் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தவாறு தொடங்கினார்.

"சாமி, கோவில் காரியத்துக்குக் குறுக்கே நிக்கேன்னு நினைக்காதீங்க. கல்யாணம் ஆன பிறகு ஒரு கிறிஸ்மசுக்குக்கூட நானும் அவரும் சேர்ந்து அடுப்புப் பக்கம் நின்னது கிடையாது. மாவு இடிச்சதும் நான்தான், ஸ்டார் கட்டுனதும் நான்தான், பிள்ளைகளைப் பாதிராப் பூசைக்குக் கூட்டிட்டு வந்ததும் நான்தான். பஸ்ஸு இப்பதான் அவர விட்டுது. உடனே நீங்க பிடிச்சுட்டீங்க. இந்த டிசம்பர் ஒண்ணு மட்டும் எனக்குத் தரணும்."

சொல்ல நாணமாயிருக்கிறது, நம் உள்ளத்தில் முதலில் எழுந்தது சினமே. குடில் வேலை பாதியில் நிற்கிறது. மின்விளக்குக் கணக்கு அவரிடம் இருக்கிறது. பலகாரம் சுடுவதற்காக ஒருவர் கோவில் பணியை விடுவதா? 'அம்மா, ஆண்டவருக்காகச் செய்கிற வேலையல்லவா?' என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், 'கோவில் குடிலுக்கு நாப்பது ஆளு இருக்கு சாமி. எங்க வீட்டுல நானும் அவரும்தான்' என்றார்.

அவ்வேளை நம் மேசைமீது விரிந்து கிடந்தது, மறையுரைக்காக நாம் படித்துக்கொண்டிருந்த திருமடல். திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கிரேச்சோ என்னும் ஊரில் வெளியிட்டது அது. அதே ஊரில்தான் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்து, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மடலின் முகப்பிலேயே திருத்தந்தை எதை ஊக்குவிக்க விரும்புகிறார் தெரியுமா? குடும்பத்தார் தம் இல்லத்தில் கூடிக் குடில் அமைக்கும் வழக்கத்தை! அந்த வரியின்கீழ் நாம் சிவப்பு மையால் கோடும் இட்டிருந்தோம். கோடு இட்ட கையாலேயே ஓர் இல்லத்திலிருந்து ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அந்த அம்மையாரின் எதிரில் அமர்ந்திருந்தபோதுதான் விளங்கிற்று.

விடுப்புக் கொடுத்தோம். முழுமனத்தோடு கொடுத்தோம் என்று பொய் சொல்ல மாட்டோம்.

அதன்பின் அவ்விருவரையும் நாம் எதிர்பாராத இடங்களிலெல்லாம் காணத் தொடங்கினோம். ஆயர் இல்லத்தில் ஓர் அலுவல் முன்னிட்டு நகரப் பேருந்தில் சென்றபோது நமக்கு இரண்டு இருக்கை முன்னே அவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டிய வளைவு ஒவ்வொன்றிலும் இவருடைய வலக் கால் தரையை ஓங்கி மிதித்தது. மிதிக்கும்தோறும் அம்மையார் அவர் முழங்காலைத் தட்டி, 'அது அவன் வேலை, நீங்க வெளியே பாருங்க' என்றார். அந்த வழியில் எத்தனை ஆயிரம் முறை சென்றிருப்பாரோ! ஆயினும் சன்னலுக்கு வெளியே ஒரு தாமரைக் குளம் இருப்பதை அன்றுதான் கண்டதாக இறங்கும்போது நம்மிடம் வியந்து சொன்னார். ஓட்டுகிறவர் சாலையைத்தானே பார்த்தாக வேண்டும்? அம்மையார் அந்தக் குளத்தை 1990 முதலே அறிந்தவர்.

அன்று அவர்கள் போனது கோட்டாற்றுக்கு. புனித சவேரியார் பேராலயத்தின் பத்து நாள் திருவிழா டிசம்பர் 3ஆம் நாளில் நிறைவுறுவதை நம் மறைமாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்ப் பவனிக்கு வரும் கூட்டத்தைச் சிறப்புப் பேருந்தில் ஏற்றி இறக்கிய மனிதர், தேரை அருகில் நின்று பார்த்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டு மே 15ஆம் நாள் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தின் கல்லறையும் அப்பேராலயத்துக்குள்ளேயே இருக்கிறது. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலை ஆரல்வாய்மொழியில் இருக்கிறது. 'ஆரல்வாய்மொழி நிறுத்தத்துல நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கேன் சாமி, மலை மேல ஒரு நாளும் ஏறுனது இல்ல' என்றார். அடுத்த வாரமே இருவரும் ஏறிவிட்டு வந்தார்கள். அம்மையாரின் கால்வலிக்கு இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்ததும் அவரே.

கோட்டாற்றுக் கடைவீதியில் வாங்கிய பொருள்களின் பட்டியலை அவர் நிதிக் குழுக் கணக்குப் போலவே எழுதி வைத்திருந்தார். பச்சரிசி, சிறுபயறு, கருப்பட்டி, ஏலக்காய், சுக்கு, எள், தேங்காய் எண்ணெய், வண்ணக் கண்ணாடித் தாள், நூல் உருண்டை. பட்டியலில் இல்லாத ஒன்றையும் அன்று அவர் வாங்கினார். அங்கேதான் சிக்கல் பிறந்தது. மின்சாரத்தில் பல நிறமாக மாறி மாறி ஒளிரும் ஆயத்த நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மனைவிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மையார் கடைவீதி என்றும் பாராமல் அழுதுவிட்டார். அவருடைய தந்தையார் மூங்கிலில் நட்சத்திரம் கட்டியவர். அவர் இறந்தபின் இருபத்தைந்து ஆண்டுகள் இவரே கட்டியிருக்கிறார், ஒற்றை ஆளாக, பல்லால் நூலைப் பிடித்துக்கொண்டு. 'ரெண்டு கை சேர்ந்து கட்டுற வேலை அது. இந்த வருசம்தான் நாலு கை இருக்குன்னு நினைச்சேன்' என்று சொன்னாராம். ஆயத்த நட்சத்திரம் அன்றே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போயிற்று.

மூங்கில் நட்சத்திரம் கட்டுவது பார்ப்பதற்கு எளிது. ஒரே அளவான ஐந்து கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் ஒரு சட்டம். அவ்வாறே இரண்டு சட்டங்கள் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவே கீற்றுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் அரைச் சாண் குச்சிகளை நிறுத்தினால், தட்டையாய்க் கிடந்தது வயிறு புடைத்து எழும். உள்ளே விளக்குக்கு இடமாயிற்று; மேலே மைதாப் பசையால் தாளை ஒட்ட வேண்டியதுதான். சூட்சுமம் முழுவதும் அந்தப் பத்துக் கீற்றுகளின் அளவில் இருக்கிறது. ஒன்று கட்டை விரல் அகலம் குறைந்தாலும் நட்சத்திரம் நொண்டும். குறுகிய தெருவில் பேருந்தைத் திருப்பப் பழகிய கண் தமக்கு இருக்கிறது என்று அவர் அளவுகோல் வாங்க மறுத்துவிட்டார். நட்சத்திரம் நொண்டிற்று. நாம் வீடு சந்திக்கச் சென்ற அன்று அது மாமரக் கிளையில் ஒரு முனை சரிந்து தொங்கிற்று. தெருவில் இருந்த மற்ற நட்சத்திரங்களெல்லாம் கடையில் வாங்கியவை, கோணல் இல்லாதவை. எது அவர்கள் வீடு என்று எவரிடமும் கேட்க வேண்டிய தேவை நமக்கு இருக்கவில்லை.

இதைப் படித்து, ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் புறாக்களைப் போல வாழ்ந்தார்கள் என்று வாசகர் எண்ணிவிட வேண்டா. முப்பத்திரண்டு ஆண்டுகள் தனியே ஆண்ட அடுக்களையில் இன்னொருவர் வந்து நின்றால் என்ன நிகழும் என்பதைக் குடும்பத் தலைவியர் நம்மைவிட நன்கு அறிவர். எண்ணெய்ச் சட்டி எந்த ஆணியில் தொங்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததோடு நில்லாமல், அது வேறு ஆணியில் தொங்கினால் நன்று என்று சொல்லவும் செய்வார். 'இவரு வீட்டுக்குள்ளயும் ஹாரன் அடிக்காரு சாமி' என்று அம்மையார் நம்மிடம் முறையிட்டார். இரண்டு நாள் பேசாமலும் இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்து, அவரே முதலில் தட்டை எடுத்து வைத்தாராம். அந்தக் குழம்பில் புளி மிகுதி என்று இன்றும் அம்மையார் சொல்கிறார்.

டிசம்பர் 20ஐ ஒட்டிய ஒரு மாலை நாம் அவ்வீட்டுக்குச் சென்றபோது முந்திரிக்கொத்து உருட்டி முடிந்திருந்தது. வெளி மாவட்டத்து வாசகர்க்காக ஒரு சொல். இப்பலகாரத்தில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூட இல்லை. அதற்கு நம் பக்கத்துப் பெயர் அண்டிப்பருப்பு. வறுத்து உடைத்த சிறுபயறும் தேங்காயும் எள்ளும் ஏலமும் சுக்கும் கருப்பட்டிப் பாகில் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, மூன்று மூன்றாய்ச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பது அது. பின் ஏன் இப்பெயர்? முந்திரிகை என்பது பழந்தமிழில் திராட்சைக் கொடிக்குப் பெயர். கொடிமுந்திரி என்று நம் முன்னோர் மறைநூல் மொழிபெயர்ப்புகளில் எழுதியதும் அதுவே. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கொத்தாய் நிற்பதைப் பார்த்தால் பெயர் அங்கிருந்து வந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. குருமடத்தில் கற்ற தமிழ் இதற்காவது பயன்படுகிறதே!

அச்சு முறுக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அச்சு, அம்மையாரின் தாயார் சீராகக் கொடுத்த பித்தளை அச்சு, எட்டு இதழ்ப் பூ, நீண்ட காம்பு. ஊற வைத்து அரைத்துச் சலித்த பச்சரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் எள்ளும் சேர்த்துக் கரைத்திருந்தார்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும். காயாத அச்சில் மாவு பற்றாது. மிகக் காய்ந்தால் சீறிக்கொண்டு வழிந்துவிடும். மாவில் அமிழ்த்தும்போது முக்கால் பங்குதான் அமிழ்த்தலாம். ஆசைப்பட்டு முழுவதும் அமிழ்த்தினால் மாவு மேல் விளிம்பையும் மூடிக்கொள்ளும். அப்புறம் அச்சை விட்டுக் கழலாது. எண்ணெயில் இறக்கியபின் சற்றுப் பொறுத்து, இதழ் விறைக்கும் நேரம் பார்த்து, ஒரு சிறு உதறல். அவ்வுதறலில்தான் எல்லாம். முன்னால் உதறினால் பூ கிழியும். பின்னால் உதறினால் உடையும்.

நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் பதினோரு பூவை உடைத்தார். அம்மையார் அச்சை அவர் கையிலிருந்து வாங்கிவிடவில்லை. அதை நாம் கவனித்தோம். அவர் செய்தால் நொடியில் முடியும் வேலை. இருந்தும் இடுப்பில் கை வைத்தவாறு நின்று, 'இப்ப இல்ல... இப்ப இல்ல... இப்ப' என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பன்னிரண்டாவது பூ முழுதாய்க் கழன்று எண்ணெயில் மிதந்தது. மனிதர் நம் பக்கம் திரும்பி, 'கிளட்ச் மாதிரிதான் சாமி. எப்ப விடணும்னு கைக்கே தெரியணும், சொல்லித் தர முடியாது' என்றார். 'அப்ப நான் இவ்வளவு நேரம் என்ன செய்தேன்?' என்றார் அம்மையார்.

நமக்கு அந்த நேரம் நம் தாயார் நினைவு வந்தது. பதினைந்து வயதில் சிறிய குருமடத்துக்குச் சென்றவர் நாம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பலகாரம் டப்பாவில் ஆயத்தமாய் இருக்கும். அது எவ்வாறு அங்கே வந்தது, யார் மாவு இடித்தார், தந்தையார் அருகே நின்றாரா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கேட்பதற்கு இப்போது இருவரும் இல்லை. கிறிஸ்து பிறப்பு நாளில் மூன்று திருப்பலி முடித்து, நண்பகலில் பங்கு இல்லத்துக்குத் திரும்பி, பத்து வீடுகளிலிருந்து வந்த பத்துத் தூக்குச் சட்டிகளுக்கு நடுவே தனியே அமர்ந்து உண்ணும் குருவுக்கு உணவில் குறைவு ஏதும் இல்லை, பசிதான் இருப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் விரும்பி ஏற்ற வாழ்வு. அந்த அடுக்களை வாயிலில் நின்றபோது நினைத்ததைச் சொன்னோம், அவ்வளவே.

விழாவுக்கு முன் அவர்கள் இன்னோர் இடத்துக்கும் சென்றார்கள். கன்னியாகுமரிக்கு. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தி, தேநீர் குடித்து, வண்டியை எடுத்துக்கொண்டு திரும்புவதே அவர் அறிந்த கன்னியாகுமரி. அம்மையாரோ பள்ளிப் பருவத்தில் ஒரு முறை பார்த்ததோடு சரி. மார்கழி நாட்களில் அங்கே கதிரவன் எழுவதும் மறைவதும் இரண்டுமே கடலில்தான். இரண்டையும் பார்க்க வேண்டும் என்று இருட்டோடு புறப்பட்டுப் போய், அலங்கார உபகார மாதா கோவிலில் செபித்து, பகல் முழுவதும் கடற்கரையில் கழித்துவிட்டு இரவுப் பேருந்தில் வந்தார்கள். பகலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். 'ஒண்ணும் செய்யல சாமி. கட்டுச்சோறு தின்னோம். பிறகு சும்மா இருந்தோம்' என்றார் அவர்.

2023இலும் அவ்வாறே கழிந்தது. அவ்வாண்டு நட்சத்திரம் அவ்வளவாக நொண்டவில்லை. உடைந்த பூக்களும் குறைவு. குடில் குழுவுக்கு வேறொரு தலைவர் வந்துவிட்டார். குடிலும் நன்றாகவே அமைந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

2024 ஆகஸ்டு மாதம் ஒரு விடியற்காலையில் நமக்குத் தொலைபேசி வந்தது. அம்மையாருக்குப் பக்கவாதம். மருத்துவமனைக்கு விரைந்து சென்று நோயில் பூசுதல் வழங்கினோம். வலக் கையும் வலக் காலும் செயலற்றுக் கிடந்தன; பேச்சு குழறிற்று. உயிருக்கு ஆபத்தில்லை என்று மூன்றாம் நாள் மருத்துவர்கள் சொன்னார்கள். இயன்முறைப் பயிற்சியால் நவம்பருக்குள் கால் ஓரளவு திரும்பிற்று; கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கலானார். கை திரும்பவில்லை. இன்றும் திரும்பவில்லை.

திருவருகைக்காலம் வந்தது. மகள் சென்னையிலிருந்து, 'இந்த வருசம் பலகாரம் எதுவும் வேண்டாம்ப்பா, கடையில் வாங்கிக்கொள்ளலாம்' என்று சொல்லியிருக்கிறாள். அண்டை வீட்டாரும் தாங்கள் செய்து தருவதாகச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை, நற்கருணை கொண்டு நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். மாமரத்தில் மூங்கில் நட்சத்திரம் தொங்கிற்று. வாயிலிலேயே தேங்காய் எண்ணெய் மணந்தது.

அடுக்களை நிலையருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மையார் அமர்ந்திருந்தார். இடக் கையில் கைத்தடி. அடுப்பின் முன் அவர் நின்றார். கையில் எட்டு இதழ் அச்சு. பேச்சு தெளியாததால் அம்மையார் வாய் திறக்கவில்லை. அவர் அச்சை மாவில் அமிழ்த்தி எண்ணெயில் இறக்கியதும் கைத்தடியால் தரையில் ஒரு முறை தட்டினார். அவர் அசையாமல் நின்றார். சற்றுப் பொறுத்து இரண்டு முறை தட்டினார். அவர் உதறினார், பூ கழன்றது. நாம் விளங்காமல் பார்த்தோம்.

"ஒரு விசில் அடிச்சா நிறுத்தணும், ரெண்டு அடிச்சாப் போகலாம். முப்பத்திரண்டு வருசம் அதைக் கேட்டுத்தானே சாமி ஓட்டுனேன்? இப்ப வீட்டுலயே கண்டக்டர் கிடைச்சாச்சு" என்றார்.

அம்மையார் சிரித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டுமே சிரித்தது.

நற்கருணை வழங்கி முடித்தபின் நாம் உடனே புறப்படவில்லை. அவர்கள் தந்த கட்டஞ்சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். 2022, 2023. அம்மையாரின் வலக் கைக்கு, கணவர் அருகே நிற்க, எஞ்சியிருந்தவை இரண்டே டிசம்பர்கள். அவற்றுள் ஒன்றை நாம் மின்விளக்குக் கணக்குக்காக எடுத்துக்கொள்ளப் பார்த்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பேருந்து கிடைக்காமல் வராதிருந்தாலும், நாம் வேறோர் அலுவலாய் வெளியே போயிருந்தாலும், நம் சினம் சற்றே மிகுந்து போயிருந்தாலும் கதை வேறாயிருக்கும். இந்த எண்ணம் அன்று இரவு நம்மை உறங்க விடவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னபோது நம் ஆன்மகுரு, நம்மினும் மூத்தவர், வெகுநேரம் பேசாமலிருந்து, தம் பங்கிலும் ஓய்வு பெற்றோர் அறுவர் குழுக்களில் இருப்பதாகச் சொன்னார்.

2025 ஜனவரி மாதத்தில் மகன் குவைத்திலிருந்து வந்திருந்தபோது, வாடகைக் கார் பிடித்து அம்மையாரைக் கன்னியாகுமரிக்குக் கொண்டு சென்றார்கள். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்டிருந்தது. அதைக் காண வேண்டும் என்று அவரே கேட்டாராம். படகில் ஏற்றுவது இயலாத காரியம். கரையிலேயே நாற்காலி போட்டு அமர்த்தி, இருட்டும் வரை காத்திருந்து, விளக்கொளியில் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பும்போது மகன் கார் ஓட்டுநரின் பக்கத்தில் இருந்தார். தந்தையார் பின்னிருக்கையில் அம்மையாரோடு. 'வழியெல்லாம் காலால் மிதித்தாரா?' என்று கேட்டோம். அம்மையார் தலையசைத்து, இடக் கையால் அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

இவ்வாண்டு அக்டோபர் மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில், டிசம்பர் 10ஆம் நாளுக்குப் பின் மாலை வேளைகளில் எந்தக் குழுவுக்கும் கூட்டம் இல்லை என்று நாம் அறிவித்தோம். விழா வேலைகளை அதற்குள் முடிக்க வேண்டும். முடியாதவை முடியாமலே இருக்கட்டும் என்றோம். இளைஞர் இயக்கத்தார் முணுமுணுத்தார்கள். குடில் போட்டியில் பக்கத்துப் பங்கு நம்மை முந்திவிடும் என்று ஒருவர் எச்சரித்தார், முந்திவிடக் கூடும். பேரவைச் செயலர் குறிப்பேட்டில் தீர்மானத்தை எழுதிவிட்டு, 'காரணம்னு என்ன எழுதட்டும் சாமி?' என்று கேட்டார்.

"அச்சு முறுக்கு என்று எழுதும்" என்றோம்.

அவர் நம்மை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, 'குடும்பக் காரணங்களை முன்னிட்டு' என்று எழுதிக்கொண்டார்.